முட்டிக்கும் பசி உண்டு: மூட்டுத் தேய்மானம் பற்றி ஓர் எளிய விளக்கம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், 'வேர் அண்ட் டேர்' என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், "முட்டி தேய்ந்துபோயிருக்கிறதாம், அம்மா" என்று தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அம்மா, மறுநாளே தேக்கா சந்தைக்கு நடந்து போவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீடு சிங்கப்பூரில், ராங்கூன் சாலைப் பக்கம். தேக்காவுக்குப் பதினைந்து நிமிட நடைதான். "இருப்பதையாவது மிச்சம் பிடிக்க வேண்டாமா?" என்றார். அடுத்த தீபாவளி வருவதற்குள், நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துத்தான் எழ முடிந்தது.

தேய்கிற பொருளைக் குறைவாகப் பயன்படுத்தினால் நீண்ட நாள் வரும் என்பது நியாயமான கணக்கு. செருப்புக்கு அது சரி. முழங்காலுக்கு அது நேர்மாறான விளைவைத் தருகிறது. ஏன் என்று எனக்கே பிற்பாடுதான் விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம்

'கீல்' என்றால் மூட்டு. கீல்வாதம் என்று பொதுவாகச் சொல்வது ஒரே நோயைக் குறிப்பதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டு நோய்களுக்கான குடும்பப் பெயர் அது. அந்தக் குடும்பத்தில் மிகப் பரவலாகக் காணப்படுவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ். தமிழில் மூட்டுத் தேய்மான நோய் என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 52.8 கோடிப் பேருக்கு இது இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பெண்கள். முழங்கால்தான் அதிகம் பாதிக்கப்படும் மூட்டு.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் நோய்கள் இரண்டு. ஒன்று முடக்குவாதம்: நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் நம் மூட்டுகளையே தாக்குவது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கைகால் விறைத்திருக்கும். விரல் கணுக்களும் மணிக்கட்டும் இரு பக்கமும் வீங்கும். மற்றொன்று கௌட்: இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிவது. இரவோடு இரவாகக் கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகும். இவற்றுக்குத் தனி மருந்து உண்டு, தாமதித்தால் கேடு.

தேய்மான நோய் இப்படித் திடீரென்று பாயாது. பயன்படுத்தும்போது வலிக்கும், ஓய்வெடுத்தால் தணியும். காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். 45 வயதைத் தாண்டியவருக்கு இந்த அறிகுறிகள் இருந்தால், எக்ஸ்ரே எடுக்காமலேயே நோயை முடிவு செய்யலாம் என்கின்றன பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகள்.

'வாயு' பற்றியும் ஒரு வார்த்தை. உருளைக்கிழங்கும் வாழைக்காயும் தின்றால் வாயு மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். குடலில் உண்டாகும் காற்று முழங்காலுக்குப் போக வழி கிடையாது. கௌட் நோயாளிக்குச் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டைக் கேட்டுவிட்டு, தேய்மான நோய் உள்ளவர்கள் பருப்பையும் கீரையையும் ஒதுக்குவது இதைவிட வருத்தமானது. வயதானவர்களின் தசைக்குப் புரதம் வேண்டும். அவர்களுக்குப் பருப்பைக் குறைப்பது எந்த வகையிலும் உதவாது.

செருப்பும் பாதமும்

ஒருவர் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் செருப்பின் அடி தேய்ந்துவிடும். வெறுங்காலோடு அதே தூரம் நடக்கும் கோயில் பக்தரின் பாதம் என்னவாகும்? தோல் தடிக்கும். நடை ஒன்றுதான். செருப்பு உயிரற்றது என்பதால் இழப்பு மட்டுமே மிஞ்சுகிறது. பாதம் உயிருள்ளது என்பதால் தன்மேல் விழும் பளுவுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

மூட்டு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களையும் உட்கார்ந்தே வாழ்கிறவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தார்கள். இடுப்பு, முழங்கால் தேய்மானம் ஓடுகிறவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இருந்தது; ஓடாதவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கு. பந்தயத்துக்காக ஓடும் வீரர்களிடம் மட்டும் 13.3 விழுக்காடு. முழங்கால் வெறும் செருப்பாக இருந்தால் உட்கார்ந்திருப்பவர்களின் மூட்டுதான் புதிது போல இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு சான்று கைவிரல்களில் இருக்கிறது. உடல் எடை மிகுந்தவர்களுக்கு முழங்கால் தேய்வது வியப்பல்ல. அவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் இந்நோய் கூடுதலாக வருகிறது. விரல்களால் யாரும் நடப்பதில்லையே! உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் வேதிப்பொருள்கள் மூட்டுகளைச் சீண்டுகின்றன என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். ஆக, இது உராய்வு மட்டும் உண்டாக்கும் நோய் அன்று.

தயிர்வடையைப் பிழிந்து பாருங்கள்

முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. அவற்றின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான, மீள்தன்மையுள்ள படலம்தான் குருத்தெலும்பு. முழங்காலில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். அதன் எடையில் முக்கால் பங்குவரை நீர்.

இதற்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. உடலின் மற்ற பகுதிகளுக்கு இரத்தம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறது. குருத்தெலும்பு எதை உண்டு உயிர் வாழ்கிறது?

தயிரில் ஊறிய வடையை விரலால் அழுத்துங்கள். தயிர் வெளியே வரும். விரலை எடுங்கள், வடை மறுபடியும் தயிரை உறிஞ்சிக்கொள்ளும். குருத்தெலும்பும் அப்படித்தான். மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அதன் உட்புறத் தோலுக்கு மூட்டுச்சவ்வு என்று பெயர். அது சுரக்கும் வழவழப்பான நீர் மூட்டுத்திரவம். ஓர் அடி எடுத்து வைக்கும்போது குருத்தெலும்பு அழுந்தி, கழிவு கலந்த நீர் வெளியேறுகிறது. காலைத் தூக்கும்போது சத்துள்ள திரவம் உள்ளே ஏறுகிறது. அழுத்தம், விடுதலை, அழுத்தம், விடுதலை. இதுதான் அதன் சாப்பாட்டு முறை. நாள் முழுவதும் சோபாவில் உட்கார்ந்திருக்கும் முழங்காலுக்குச் சோறு சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. "அப்படியென்றால் ஒரு வருஷமாக நான் இதைப் பட்டினி போட்டிருக்கிறேன்" என்றார். நான் எழுதியதிலெல்லாம் சிறந்த விளக்கம் அவர் சொன்ன அந்த ஒரு வரிதான்.

இதுவரை பார்த்தது: மூட்டு உயிருள்ளது, அசைவுதான் அதற்கு உணவு, அசையாத மூட்டு மிச்சமாவதில்லை, மெலிகிறது.

அப்படியானால் கெடுவது எது?

ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் மழையும் நாள்தோறும் அதைச் சேதப்படுத்துகின்றன. நகர மன்றம் விரிசலைப் பூசுகிறது, குழாயை மாற்றுகிறது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் அடிக்கிறது. சேதமும் பழுதுபார்ப்பும் சமமாக ஓடும்வரை கட்டடம் நன்றாக இருக்கும். பழுதுபார்க்கும் ஆட்கள் குறைந்துவிட்டாலோ சேதம் திடீரென்று கூடிவிட்டாலோதான் சிக்கல்.

மூட்டிலும் இந்தச் சமநிலைதான் குலைகிறது. வயது ஏற ஏறப் பழுதுபார்ப்பு மந்தமாகும். சிறுவயதில் கால்பந்தில் கிழிந்த தசைநார், பரம்பரை, உடல் எடை, மெலிந்த தொடை, ஆண்டுக்கணக்கில் மண்டியிட்டுச் சுமை தூக்கிய வேலை ஆகியவை சேதத்தைக் கூட்டும். குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிறது. உதிரும் துணுக்குகளை அகற்ற மூட்டுச்சவ்வு முயன்று வீங்குகிறது. திசு இப்படிச் சிவந்து, சூடேறி, வீங்குவதற்கு அழற்சி என்று பெயர். முழங்கால் சில நாள் பூரி போல உப்புவது இதனால்தான். இதற்கிடையே எலும்பும் தன் பங்குக்குப் பழுதுபார்க்கக் கிளம்பி, ஓரங்களில் புதிய எலும்பை முடிச்சு முடிச்சாக வளர்த்துவிடுகிறது. அதை எலும்புமுள் என்பார்கள். பெயர் அச்சுறுத்துகிறது, உண்மையில் அது பூச்சு வேலையில் ஓரத்தில் திரண்டு காய்ந்துபோன சிமெண்ட்டைப் போன்றது. குத்திக் கிழிக்கும் முள் அன்று.

மெலிந்த குருத்தெலும்பை நடை திரும்ப வளர்த்துத் தராது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் மிஞ்சியிருப்பதைப் பேணுவதற்கும் வலியைக் குறைப்பதற்கும் இன்று நம்மிடம் இருப்பவற்றுள் வலுவான வழி உடற்பயிற்சிதான்.

படம் ஒன்று சொல்லும், வலி வேறு சொல்லும்

எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். குருத்தெலும்பு தெரியவே தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளிதான் அது இருக்கும் இடம். இடைவெளி குறுகியிருந்தால் குருத்தெலும்பு மெலிந்திருக்கிறது என்று மருத்துவர் ஊகிக்கிறார்.

குருத்தெலும்பில் நரம்புகளும் கிடையாது. அதனால் அது மெலிவது நேரடியாக வலிக்காது. வலி வருவது அடியில் உள்ள எலும்பிலிருந்தும் வீங்கிய சவ்விலிருந்தும் களைத்த தசையிலிருந்தும். தூக்கம் கெட்டாலோ மனம் சோர்ந்திருந்தாலோ அதே வலி கூடுதலாக உறைக்கும். படம் மோசமாக இருந்தும் தேக்காவில் கூடையோடு சுற்றுகிறவர்கள் உண்டு; படம் ஓரளவு நன்றாக இருந்தும் படி இறங்க முடியாதவர்கள் உண்டு. ஆகவே எக்ஸ்ரேயை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தை மாற்ற முடியாது. தசையையும் எடையையும் தூக்கத்தையும் மாற்றலாம்.

தொடைக்கு வேலை கொடுப்பது

பேருந்தில் சாலைக் குழிகளின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வில் இருக்கிறதல்லவா? முழங்காலுக்கு அந்த வில், தொடையின் முன்பக்கத் தசை. அது மெலிந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டில் இறங்கும். வலிக்கிறது என்று உட்காருகிறோம். உட்கார்ந்ததால் தசை மெலிகிறது. மெலிந்ததால் மேலும் வலிக்கிறது. அம்மா மாட்டிக்கொண்டது இந்தச் சுழலில்தான்.

பலதுறை மருந்தகத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் ஓர் இளம் சீனப் பெண். "ஆன்ட்டி, கையைத் தொடாமல் எழுந்து நில்லுங்கள்" என்பதை நான் மொழிபெயர்த்தேன். அம்மா கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார். முன்னால் சாய்ந்தார். பாதி எழுந்து, தொடை நடுங்க, பொத்தென்று மீண்டும் உட்கார்ந்தார். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டார். உயரம் கூடியதும் அம்மா எழுந்துவிட்டார். மூன்று வாரம் மெத்தையோடு, பிறகு மெத்தை இல்லாமல். இவ்வளவுதான் வித்தை.

வீட்டில் செய்யக்கூடியவை இரண்டு. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. மெதுவாக உட்காருவதில்தான் தசைக்கு வேலை அதிகம், பொத்தென்று விழக்கூடாது. மற்றது, உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி இறக்குவது. பத்துப் பத்தாகத் தொடங்கலாம். புளோக்கின் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலையும், துடிப்பாக மூப்படைதல் நிலையங்களில் நடக்கும் நாற்காலிப் பயிற்சிகளும் இதற்கு நல்ல துணை. நடக்கவே வலிப்பவர்களுக்கு நீச்சல்குளம் இருக்கிறது. மார்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காலில் விழும். நீந்தத் தெரிய வேண்டியதில்லை, நடந்தால் போதும்.

"வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?" என்று அம்மா கேட்டார். பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி வரலாம். அது சேதம் நடப்பதன் அறிகுறி அன்று. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடுதலாக வலித்தால், வீங்கினால், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். குறைப்பதுதான், விட்டுவிடுவது இல்லை.

சுருக்கமாக: தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும். சிறிதாகத் தொடங்கி, மறுநாள் காலையைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

ஒரு கிலோவுக்கு நான்கு கிலோ

எடை மிகுந்தவர்கள் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பளு குறைகிறது. ஐந்து கிலோ என்றால் இருபது. சந்தைக்குப் போய்வர எடுத்து வைக்கும் ஆயிரக்கணக்கான அடிகளோடு இதைப் பெருக்கிப் பாருங்கள். பட்டினி கிடக்க வேண்டாம். பாலும் சர்க்கரையும் கலந்த தே தாரிக்கை நாளுக்கு மூன்று முறை குடிப்பவர், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினாலே ஒரு தொடக்கம்தான்.

மருந்து, தைலம், ஊசி

முழங்காலுக்கும் கைவிரலுக்கும் முதலில் நாட வேண்டியது மேலே தடவும் அழற்சி குறைக்கும் களிம்பு. டைக்ளோஃபெனாக் களிம்பு இதில் பரவலானது. அதே வகை மருந்தை மாத்திரையாக விழுங்கினால் வலி குறையும், ஆனால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள நம் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து விழுங்கக்கூடாது. பனடோல் (பாராசிட்டமால்) சொன்ன அளவுக்குள் எடுத்தால் பெரும்பாலும் பாதுகாப்பானது, ஆனால் இந்த வலிக்கு அதன் பலன் சிறிது. குளுக்கோசமைன் மாத்திரைகளுக்குப் பலரும் மாதந்தோறும் செலவழிக்கிறார்கள். அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, முழங்காலுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும், அதற்கு மேல் இல்லை.

தைலம் தேய்ப்பது இதமானது, தேய்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "மூன்றே நாளில் மூட்டுவலி மாயம்" என்று கைமாறி வரும் பெயர் தெரியாத மாத்திரைகள் எனக்குக் கோபமூட்டுகின்றன. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்த இத்தகைய பொருள்களைப் பற்றிச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி உடனே பறந்துவிடும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். முகம் நிலா போல உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனப்படும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. யாராவது ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திட்டாமல், மாத்திரையோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

செலவுக்கு அஞ்சுவோர் கவனிக்க: மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் மூட்டுத் தேய்மானமும் இருக்கிறது.

வீடும் வீதியும் கோயிலும்

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? பலர் வலிக்கும் காலின் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடக் கையில் தடி. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். குளியலறைக் கைப்பிடிக்கும் வழுக்காத தரைப் பூச்சுக்கும் வீவகவின் ஈஸ் திட்டத்தில் மானியம் கிடைக்கிறது. சாலையைக் கடக்க நேரம் போதவில்லை என்றால், பச்சை மனிதன் பிளஸ் கருவி உள்ள சந்திப்புகளில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும். 2009 முதல் இந்த வசதி இருக்கிறது.

தரையில் சம்மணமிடுவது தவறா என்று கேட்கிறார்கள். முழங்காலை ஆழமாக மடக்கும்போது பளு கூடும் என்பது உண்மை. எழ முடிகிறவர்கள் உட்காரலாம். முடியாதவர்கள் கோயிலில் நாற்காலியில் உட்கார்ந்து பூசை பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேர்ந்துகொண்டவர்கள், நாலைந்து வாரங்களுக்கு முன்பே தினமும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டி வாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

மூட்டு திடீரென்று சிவந்து சூடேறி, காய்ச்சலும் வந்தால் அன்றே. விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால் அன்றே. முழங்கால் மடங்கியபடி பூட்டிக்கொண்டாலோ, ஓய்விலும் இரவிலும் வலி ஏறிக்கொண்டே போனாலோ காத்திருக்க வேண்டாம்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி இரண்டு செய்திகள். நுண்துளை வழியே மூட்டைக் கழுவித் துப்புரவாக்கும் சிகிச்சையை, 2002இல் ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரு தரப்பாரின் வலியிலும் வேறுபாடு இல்லை. மூட்டு மாற்றுச் சிகிச்சை அப்படிப்பட்டதன்று. பயிற்சியும் மருந்தும் போதாமல் தூக்கமும் நடமாட்டமும் கெட்டுப்போனவர்களுக்கு அது பெரிய வரம். முழு முழங்கால் மாற்றுகளில் 100க்கு ஏறத்தாழ 82, 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. அதற்கும் தொடைத் தசை வலுவாக இருந்தால்தான் விரைவில் தேற முடியும்.

அம்மாவுக்கு இன்னும் அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. மழை நாள்களில் வலக்கால் முனகுகிறது. அன்றைக்குக் களிம்பைத் தடவிக்கொண்டு, நடையைப் பாதியாக்கி, புளோக்கின் கீழ்த்தளத்தையே நான்கு சுற்று வருகிறார். மற்ற நாள்களில் காலை எட்டு மணிக்குத் துணிப்பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்று குரல் கொடுக்கிறார்: "முட்டிக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறேன். கீரை என்ன வேண்டும்?"